போர் வேண்டாம் என்று ஜெயித்தவர், ஐந்தே மாதத்தில் போர் கேட்டது ஏன்? உட்ரோ வில்சனின் கதை

1916 நவம்பர் 7. அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ஐரோப்பா இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். நாட்டைப் போருக்குள் போகவிடாமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான் என்று சொல்லித்தான் உட்ரோ வில்சனுக்கு அவரது ஜனநாயகக் கட்சி ஓட்டுக் கேட்டது. ஜெயித்தார், அதுவும் நூலிழையில். கலிஃபோர்னியா மாகாணத்தை 4,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் பிடித்ததால்தான் பதவி தங்கியது.

1917 ஏப்ரல் 2. மழை பெய்துகொண்டிருந்த இரவில் அதே வில்சன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போய், ஜெர்மனி மீது போர் அறிவிக்கச் சொல்லிக் கேட்டார். நடுவில் ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அப்போ தேர்தலுக்காகச் சும்மா சொன்னாரா? அதுதான் இல்லை. வில்சன் போரை உண்மையிலேயே வெறுத்தவர். போருக்கு வெளியே நிற்பதாக நினைத்து அவர் எடுத்த முடிவுகளே, ஒவ்வொரு அடியாக, அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போயின.

போரைப் பார்த்து வளர்ந்த பையன்

வில்சன் பிறந்தது 1856 டிசம்பர் 28, வர்ஜீனியா மாகாணத்தின் ஸ்டான்டன் என்ற சிறிய ஊரில். அப்பா பிரஸ்பிடேரியன் பாதிரியார். கொஞ்ச நாளிலேயே குடும்பம் ஜார்ஜியாவின் அகஸ்டாவுக்குக் குடிபோனது. அங்கே இருந்தபோதுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. அப்பாவின் தேவாலயம் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனை ஆனது. நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை அந்தப் பையனின் உலகம் அதுதான். குடும்பம் நின்றது, அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்டுத் தோற்ற தெற்கு மாகாணங்களின் பக்கம்.

பத்து வயது நெருங்கும் வரை சரியாகப் படிக்க வராத அந்தப் பையன் பின்னாளில் பிஎச்.டி. வாங்கினார். அந்தப் பட்டம் பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் இன்றுவரை அவர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர், நியூஜெர்சி ஆளுநர், 1912-ல் அதிபர் தேர்தல் வெற்றி என்று ஏற்றம் வேகமாக இருந்தது. குடியரசுக் கட்சி ஓட்டு இரண்டாக உடைந்ததும் அவருக்கு வசதியாகப் போனது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அவர் கையெழுத்தில்தான் 1913-ல் உருவானது. அதே ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். உரிமை, நீதி என்று உலகத்துக்கே பேசிய மனிதர் இதில் தப்பு எதையும் பார்க்கவில்லை.

1914 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஐரோப்பிய நாடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போரில் குதித்தன. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனும் இறங்கியது. இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, வில்சனின் மனைவி எலன் நோயில் இறந்துபோனார். நொறுங்கிப்போயிருந்த அந்த நாட்களில்தான் அவர் அமெரிக்காவின் நடுநிலையை அறிவித்தார். செயலில் மட்டும் நடுநிலை போதாது, மனசிலும் யார் பக்கமும் சாயக் கூடாது என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், இல்லை என்றால் அப்படிப் பிறந்தவரின் பிள்ளை. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஆங்கிலேயர், ரஷ்ய யூதர் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்ந்த நாடு. ஐரோப்பாவின் சண்டை உள்ளூர்ச் சண்டையாக மாற ரொம்ப நேரம் ஆகாது.

காசு எந்தப் பக்கம் போனது?

சிக்கல் தொடங்கியது இங்கதான். நடுநிலை நாட்டுக் கம்பெனிகள் போரிடும் இரண்டு தரப்புக்கும் சரக்கு விற்கலாம் என்பது அன்றைய சர்வதேசச் சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் பிரிட்டிஷ் கடற்படையின் கையில். ஜெர்மனிக்குப் போகும் வழியை அது அடைத்துவிட்டது. சட்டப்படி கடை எல்லோருக்கும் திறந்திருந்தது. கடைக்கு வர முடிந்தது ஒரு தரப்பால் மட்டும்தான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் வில்சனின் வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். போரிடும் நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கடன் தரக் கூடாது என்று 1914 ஆகஸ்டிலேயே சொன்னார். அவருடைய வாதம் எளிமையானது. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் விரும்புவார். ஆயுதத்தைத் தடை செய்துவிட்டு, ஆயுதம் வாங்கும் பணத்தை மட்டும் விட்டுவைப்பதில் அர்த்தமே இல்லை.

வில்சன் முதலில் ஒப்புக்கொண்டார். ஆனால் நாடு பொருளாதார மந்தத்தில் இருந்தது. போர் ஆர்டர்கள் வந்ததும் ஆலைகள் ஓட ஆரம்பித்தன, கோதுமை விலை ஏறியது. 1914 அக்டோபரில், கடன்தான் கூடாது, குறுகிய கால வணிகக் கடனுதவி பரவாயில்லை என்று ஒரு சின்னக் கதவு திறந்தது. ஒரே வருடத்தில் அது வாசலே ஆகிவிட்டது. 1915 இலையுதிர்காலத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் ஜே.பி.மார்கன் வங்கி மூலம் 50 கோடி டாலர் கடன் வாங்கின. 1917 தொடக்கத்தில் கணக்குப் பார்த்தால், நேச நாடுகள் அமெரிக்காவில் வாங்கியிருந்த கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனி வாங்கியது சுமார் 2.7 கோடி டாலர்.

யாரும் ரகசியமாகச் சதி செய்யவில்லை. ஒவ்வொரு முடிவும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இதைப் பெர்லினில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நடுநிலை என்று தோன்றவில்லை.

18 நிமிடத்தில் மூழ்கிய கப்பல்

1915 பிப்ரவரியில் ஜெர்மனி பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலைப் போர்ப் பகுதி என்று அறிவித்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் அங்கே எதிரிகளின் வணிகக் கப்பல்களை எச்சரிக்கை இல்லாமலே தாக்கும். மே 7 அன்று, அயர்லாந்துக் கரைக்குப் பக்கத்தில், லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் டார்பிடோ தாக்கி 18 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,198 பேர். அதில் 128 பேர் அமெரிக்கர்கள். கப்பலில் துப்பாக்கித் தோட்டாக்களும் ஏற்றப்பட்டிருந்தன. இந்த மாதிரிக் கப்பல்களில் போவது ஆபத்து என்று ஜெர்மன் தூதரகம் அமெரிக்கப் பத்திரிகைகளில் முன்கூட்டியே விளம்பரமும் கொடுத்திருந்தது.

நாடு கொதித்தது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் போர் கேட்கவில்லை. பிரையன் ஒரு வழி சொன்னார்: போரிடும் நாடுகளின் கப்பலில் அமெரிக்கர்கள் ஏறுவதைத் தடுப்போம், ஜெர்மனியைக் கண்டிக்கும்போது பிரிட்டனின் கடல் முற்றுகையையும் கண்டிப்போம். வில்சன் மறுத்தார். கடலில் எந்தக் கப்பலிலும் போவது அமெரிக்கக் குடிமகனின் உரிமை, அதில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பது அவர் நிலை. ஜெர்மனிக்குக் கடுமையான கடிதங்கள் போயின. 1915 ஜூனில் பிரையன் ராஜினாமா செய்துவிட்டார். 1916-ன் தொடக்கத்தில், அந்தக் கப்பல்களில் ஏற வேண்டாம் என்று குடிமக்களை எச்சரிக்கும் தீர்மானம் காங்கிரஸில் வந்தபோது, வில்சனே தலையிட்டு அதைத் தோற்கடித்தார்.

அடுத்த திருப்பம் 1916 மார்ச். ஆங்கிலக் கால்வாயில் சசெக்ஸ் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டது. இதை நிறுத்தாவிட்டால் ராஜதந்திர உறவையே முறிப்போம் என்று வில்சன் எச்சரித்தார். மே மாதம் ஜெர்மனி இறங்கிவந்தது. எச்சரிக்கை இல்லாமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. பார்க்கப் பெரிய வெற்றி. ஆனால் உண்மையில் அன்றைக்குத்தான் சாவி கைமாறியது. அமெரிக்கா போருக்குப் போகுமா போகாதா என்பது இனி வாஷிங்டன் கையில் இல்லை. ஜெர்மன் கடற்படை வாக்குத் தவறினால், வில்சன் தன் வார்த்தையைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

ஜெர்மனி கொஞ்சம் பொறுத்திருந்தால்?

தேர்தல் முடிந்த கையோடு வில்சன் சமாதானம் பேச முழு மூச்சாக இறங்கினார். அதோடு இன்னொன்றும் நடந்தது, பல பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1916 நவம்பர் கடைசியில், போரிடும் நாடுகளுக்கு ஈடு இல்லாமல் கடன் கொடுக்கும் விஷயத்தில் ஜாக்கிரதை என்று ஃபெடரல் ரிசர்வ் அமெரிக்க வங்கிகளை எச்சரித்தது. வில்சன் அதை ஆதரித்தார். பிரிட்டனிடம் அடமானம் வைக்க இருந்த தங்கமும் பங்குப் பத்திரங்களும் கரைந்துகொண்டிருந்தன. இன்னும் சில மாதம் போயிருந்தால் அமெரிக்காவில் சரக்கு வாங்கவே பிரிட்டன் திண்டாடியிருக்கும். அதாவது, பிரையன் பயந்த அந்தப் பணக் கயிற்றை வைத்தே நேச நாடுகளைப் பேச்சுவார்த்தைக்கு இழுக்க வில்சன் பார்த்தார். 1917 ஜனவரி 22 அன்று செனட் சபையில், யாரும் ஜெயிக்காத சமாதானம்தான் நிலைக்கும் என்றும் பேசினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று: ஜெர்மனி ஜனவரி 9 அன்றே முடிவெடுத்துவிட்டது. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பட்டினியில் பணியும், அமெரிக்கப் படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது ஜெர்மன் கடற்படையின் கணக்கு. பிப்ரவரி 1 முதல் கட்டுப்பாடில்லாத தாக்குதல் தொடங்கியது. பிப்ரவரி 3 அன்று வில்சன் உறவை முறித்தார். அப்போதும் போர் கேட்கவில்லை.

பிறகு வந்தது அந்தத் தந்தி. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன் மெக்சிகோவுக்குக் கூட்டணி பேசி அனுப்பிய சங்கேதத் தந்தியைப் பிரிட்டிஷ் உளவுத் துறை உடைத்துப் படித்துவிட்டது. அமெரிக்காவோடு போர் வந்தால் மெக்சிகோ ஜெர்மனியோடு சேர வேண்டும். பதிலுக்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பெறலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தந்தி பயணித்ததே அமெரிக்காவின் சொந்தத் தூதரகக் கம்பி வழியில். சமாதானப் பேச்சு தடைபடக் கூடாது என்று வில்சன் ஜெர்மனிக்குச் செய்துகொடுத்த வசதி அது. மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வெளியானது. பொய்ச் செய்தி என்று பலர் சந்தேகப்பட்டபோது, சிம்மர்மனே அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்!

மார்ச் நடுவில் அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ரஷ்யாவில் ஜார் மன்னர் பதவி இழந்ததால், நேச நாடுகளின் அணியை ஜனநாயக அணி என்று சொல்வதில் இருந்த கூச்சமும் போனது. மார்ச் 20 அன்று அமைச்சர்கள் எல்லோரும் போர் என்றார்கள். செனட்டில் 82-6, பிரதிநிதிகள் சபையில் 373-50. எதிர்த்த 50 பேரில் ஒருவர், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணான ஜெனட் ரான்கின். ஏப்ரல் 6 அன்று வில்சன் கையெழுத்திட்டார்.

சென்னையிலிருந்து ஒரு கடிதம்

ஜனநாயகம் பாதுகாப்பாக வாழும் உலகம் வேண்டும் என்று அந்த ஏப்ரல் உரையில் வில்சன் பேசியது உலகம் முழுக்கப் பரவியது. அதை நம்பியவர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டிருந்த 1917 ஜூனில், இந்தியாவுக்கும் சுயாட்சி கிடைக்க உதவ வேண்டும் என்று அவர் வில்சனுக்கே கடிதம் எழுதி, ஒரு அமெரிக்கத் தம்பதி கையில் கொடுத்தனுப்பினார். விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டிஷ் அரசு சீறியது. ஐயர் தன் சர் பட்டத்தையே தூக்கியெறிந்தார். இந்தியா விஷயத்தில் பிரிட்டனை வில்சன் நெருக்கவில்லை.

உள்நாட்டிலும் ஜனநாயகம் சுருங்கியது. கட்டாய ராணுவச் சேவை வந்தது. உளவுத் தடுப்புச் சட்டமும் அதன் திருத்தமும் போரை எதிர்த்துப் பேசுவதையே குற்றமாக்கின. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஒரே ஒரு மேடைப் பேச்சுக்காகப் பத்து வருட சிறை. போர் முடிந்த பிறகும் வில்சன் அவரை மன்னிக்கவில்லை. விடுதலை செய்தது அடுத்த அதிபர் ஹார்டிங். நடுநிலைக்காக அவ்வளவு காலம் பொறுமை காட்டிய ஒருவர், தன் முடிவை எதிர்த்தவர்களிடம் அந்தப் பொறுமையில் கொஞ்சம்கூடக் காட்டவில்லை.

சுமார் 20 லட்சம் அமெரிக்க வீரர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 1,16,000 பேர். அதில் பாதிக்கும் மேல் சண்டையில் இல்லை, பெரும்பாலும் ஃப்ளூ போன்ற நோயில். 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்துக்கும் தன் கனவான சர்வதேச சங்கத்துக்கும் ஆதரவு திரட்ட வில்சன் ரயிலில் நாடு முழுக்கச் சுற்றினார். செப்டம்பர் 25 அன்று கொலராடோவில் உடல் படுத்துவிட்டது. அக்டோபர் 2 அன்று பக்கவாதம். இடது பக்கம் செயலிழந்தது. யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவரிடம் போகலாம் என்பதையெல்லாம் இரண்டாவது மனைவி ஈடித் முடிவு செய்தார். செனட் ஒப்பந்தத்தை இரண்டு முறை நிராகரித்தது. வில்சனே பாடுபட்டு உருவாக்கிய சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. 1924 பிப்ரவரி 3 அன்று வாஷிங்டனில் காலமானார்.

பத்து வருடம் கழித்து, 1934-ல், வங்கிகளும் ஆயுதக் கம்பெனிகளும்தான் நாட்டைப் போருக்குள் தள்ளினவா என்று செனட் குழு ஒன்று விசாரிக்கத் தொடங்கியது. 1935 முதல் 1937 வரை வரிசையாக நடுநிலைச் சட்டங்கள் வந்தன. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடன் தரக் கூடாது, அவற்றின் கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணிக்கக் கூடாது. கடனும் பயணமும் பிரையன் அன்றைக்கே சொன்னவைதான். அதைப் பார்க்க அவரும் உயிரோடு இல்லை. அடுத்த உலகப் போர் வந்ததும், 1939-லிருந்து 1941-க்குள் அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வில்சன் ஆட்சியில் கடற்படைத் துறையின் துணைச் செயலராக இருந்தவர்.