இரண்டு ராத்தல் எடைக்கல்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கிறது மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் மாவட்டம். சதுப்பும் கழிமுகமும் பைன் மரக்காடும் நிறைந்த தாழ்நிலம் அது. 1822ஆம் ஆண்டையொட்டி அங்கே அடிமைக் குடும்பமொன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் வேலையில் தேர்ந்தவர். தாய் ரிட் கிரீன் உடைமையாளர் வீட்டில் சமையல் செய்தவர். ஒன்பது மக்களுள் ஒருவரான அக்குழந்தைக்கு அராமின்டா என்று பெயரிட்டனர். மின்டி என்று அழைத்தனர். பின்னாளில் உலகம் அவரை ஹாரியட் டப்மன் என்று அறிந்தது.

அடிமைகளின் பிள்ளைகளைப் பெற்றோர் வளர்க்கலாம். ஆனால் அவர்கள் பெற்றோருக்கு உரியவர்கள் அல்லர். மின்டியின் அக்காள்மார் மூவரை எட்வர்டு புரோடஸ் என்னும் உடைமையாளர் தொலைநாட்டு வணிகருக்கு விற்றுவிட்டார். அவர்களைக் குடும்பம் மீண்டும் காணவேயில்லை. கடைசி மகனையும் விற்க ஆள் வந்தபோது, ரிட் அவனை ஒரு மாத காலம் காட்டிலும் அயலார் குடிசைகளிலும் ஒளித்து வைத்தார். குடிசைக்குள் முதலில் நுழைபவனின் தலையைப் பிளந்துவிடுவதாக எச்சரித்தார். விற்பனை நின்றது. அடிமையும் மறுத்து நிற்கலாம் என்பதை மின்டி முதலில் கற்றது அந்தத் தாயிடந்தான்.

மின்டியும் ஆறு வயதளவிலேயே கூலிக்கு அனுப்பப்பட்டார். ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை. குழந்தை இரவில் அழுதால் சவுக்கடி. அத்தழும்புகள் கடைசிவரை கழுத்தில் இருந்தன. இன்னொரு வீட்டில் சதுப்பு நீரில் இறங்கி விலங்குப் பொறிகளைப் பார்த்துவர வேண்டும். தட்டம்மை கண்டிருந்தபோதும் இடுப்பளவுத் தண்ணீரில் அவரை இறக்கினார்கள்.

இவற்றையெல்லாம்விட நீடித்த துன்பம் ஒரு மாலைப்பொழுதில் வந்தது. அப்போது மின்டிக்கு வயது பதின்மூன்று இருக்கலாம். ஆளிநார் உடைக்கும் வேலையில் இருந்த அவரை, வீட்டுக்குத் தேவையான பொருள்கள் வாங்கப் பக்டவுன் என்னும் நாற்சந்திக் கடைக்கு அழைத்துச் சென்றனர். இசைவின்றி வேலையை விட்டுவந்த அடிமை ஒருவரைத் துரத்திக்கொண்டு கண்காணி ஒருவர் அக்கடைக்குள் வந்தார். அந்த ஆளைக் கட்டுவதற்கு உதவும்படி மின்டிக்குக் கட்டளை பிறந்தது. அவர் அசையவில்லை. ஆள் வாயில்வழியே ஓடினார். கண்காணி கடையிலிருந்த இரண்டு ராத்தல் எடைக்கல்லை எடுத்து வீசினார். ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள அந்த உலோகம் ஓடியவர்மேல் படவில்லை; மின்டியின் தலையில் விழுந்து மண்டையோட்டை உடைத்தது. தலையில் போர்த்தியிருந்த துணியின் ஒரு துண்டும் காயத்துக்குள் புகுந்தது.

குருதி வழிய அவரைத் தூக்கிச் சென்றார்கள். அவருக்கென்று படுக்கை ஏதுமில்லை; தறியின் இருக்கைப் பலகைமேல் கிடத்தினார்கள். மருத்துவர் வரவில்லை. அன்றும் மறுநாளும் அப்படியே கிடந்தார். பின்னர் வயலுக்கு அனுப்பப்பட்டார். குருதியும் வியர்வையும் கண்ணை மறைக்க வேலை செய்தார். அதுவரை சீப்புப் படாமல் கூடைபோல் அடர்ந்து நின்ற தம் தலைமுடிதான் உயிரைக் காத்திருக்க வேண்டும் என்று முதுமையில் அவர் கருதினார்.

வேலைக்குத் தகுதியற்றவர் என்று அவரைத் திருப்பி அனுப்பினர். விற்றுவிட முயன்ற புரோடஸ் ஆள்மாற்றி ஆள் அழைத்து வந்தார், வாங்குவார் இல்லை. அடிமைச் சந்தையில் மின்டியின் விலை வீழ்ந்துபோனது. உறவிலிருந்து பிரிந்து தென்மாநிலப் பருத்திக்காட்டுக்குப் போகாமல் அவரைத் தடுத்தவற்றுள் அந்தக் காயமும் ஒன்று. இதை நற்பேறு என்று சொல்ல நாக்கூசும். ஆனால் நடந்தது அதுதான்.

காயம் மூடியது, அதன் விளைவு மூடவில்லை. தலையில் ஒரு பள்ளம் நிலைத்தது. கொடிய தலைவலி அடிக்கடி வந்தது. அதனினும் விந்தையானது உறக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே, வேலையின் நடுவிலேயே, அவர் தலை சாயும். எழுப்பினாலும் எழமாட்டார். சிறிது நேரத்தில் தாமாகவே விழித்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒரே நாளில் பலமுறை இவ்வாறு நேர்வதுண்டு. உடனிருந்தோர் இதைச் சோம்பல் என்றும் மந்தம் என்றும் எண்ணினர். மூளைத்திசுவில் பட்ட அடி வடுவாகி, அவ்வடுவைச் சுற்றி மின்துடிப்புகள் ஒழுங்கு கெட்டுப் பாயும்போது வலிப்பு உண்டாகிறது. எல்லா வலிப்பும் கைகால் வெட்டி இழுப்பதாக இருப்பதில்லை. நினைவு மட்டும் சிறிது நேரம் அறுந்துபோவதும் உண்டு; ஒலியும் ஒளியும் காட்சியும் தோன்றுவதும் உண்டு. டப்மனுக்கு இருந்தது மூளையின் பக்கவாட்டு மடலில் எழும் வலிப்புநோய் என்பது இன்றைய வரலாற்றாசிரியர் சிலரின் கருத்து.

அவருக்கோ அதற்கு வேறு பெயர் இருந்தது. உறக்கத்தில் அவர் பறவைபோல் வயல்கள்மேலும் ஊர்கள்மேலும் பறந்தார். ஓர் எல்லைக்கோட்டை அடைந்து, அதைத் தாண்ட வலுவின்றித் தளரும்போது, மறுகரையில் வெண்ணிற ஆடையணிந்த பெண்கள் கைநீட்டி அவரை இழுத்துக்கொண்டனர். இவற்றைக் கடவுள் தமக்குக் காட்டும் வழியென்று அவர் உறுதியாக நம்பினார். மருத்துவம் தரும் விளக்கத்தால் அந்த நம்பிக்கையின் வலிமை குறைந்துவிடாது. அந்த நம்பிக்கையால் நோயின் கொடுமையும் குறைந்துவிடவில்லை. இரண்டும் ஒரே உடலில் இருந்தன.

உடல்நலம் சிறிது தேறியபின் தந்தையோடு காட்டு வேலைக்குப் போனார். ஐந்தடி உயரமே இருந்த அப்பெண் மரக்கட்டை இழுத்தார். எருது பூட்டி உழுதார். ஆண்களுக்கு இணையாக உழைத்தார். அக்காட்டில்தான் இரவில் திசையறியவும், நீரோட்டங்களைத் தெரிந்துகொள்ளவும், ஓசையின்றி நடக்கவும் கற்றார். 1844ஆம் ஆண்டையொட்டி ஜான் டப்மன் என்னும் விடுதலை பெற்ற கருப்பினத்தவரை மணந்தார். தாயின் பெயரான ஹாரியட்டைத் தம் பெயராக ஏற்றார்.

1849இல் அவர் மீண்டும் நோயுற்றார். புரோடஸ் மீண்டும் விலைபேசத் தொடங்கினார். உடைமையாளரின் மனத்தை மாற்றுமாறு ஹாரியட் இரவும் பகலும் வேண்டினார். மாறவில்லை என்று கண்டதும், அவரை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். சில நாள்களில் புரோடஸ் இறந்தார். அவ்வேண்டுதலுக்காக ஹாரியட் பின்னர் வருந்தினார். ஆனால் கடன்பட்டிருந்த கைம்பெண் அடிமைகளை விற்கப்போகிறார் என்பது தெளிவானது. செப்டம்பர் 17ஆம் நாள் ஹாரியட்டும் அவருடைய தம்பியர் பென், ஹென்றி இருவரும் தப்பியோடினர். உடைமையாளரின் மனைவி செய்தித்தாளில் விளம்பரம் வெளியிட்டார். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர் பரிசு. அவ்விளம்பரம் தம்பி ஒருவரின் காதுக்குக் கீழிருந்த கட்டியை அடையாளமாகக் கூறுகிறது. மின்டியைப் பற்றியோ நிறம், தோற்றம், உயரம், வயது ஆகியவற்றை மட்டுமே கூறுகிறது. தலைக்காயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தம்பியர் அஞ்சித் திரும்பினர். அவரையும் திருப்பி அழைத்துவந்தனர். சிறிது நாளில் ஹாரியட் தனியே புறப்பட்டார். பகலில் ஒளிந்து, இரவில் துருவ மீனை நோக்கி நடந்து, நல்லோர் சிலரின் உதவியுடன் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் கடந்து, அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியா மாநிலத்தை அடைந்தார். எந்த நொடியிலும் நினைவிழக்கக்கூடிய ஒருவர், விழித்திருப்பதையே காவலாகக் கொள்ள வேண்டிய வழியில் தனியாக நடந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அப்பயணத்தின் அளவு விளங்கும்.

பிலடெல்பியாவில் அவர் சமையலும் வீட்டு வேலையும் செய்து பணம் சேர்த்தார். அப்பணம் திரும்பிச் செல்வதற்கு. தப்பியோடியவரை எங்கிருந்தாலும் பிடித்துக்கொடுக்கச் செய்யும் கடுஞ்சட்டம் 1850இல் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அவர் மேரிலாந்துக்குள் நுழைந்து, ஏலத்திலிருந்து தப்பிய அண்ணன் மகளையோ அக்காள் மகளையோ போன்ற நெருங்கிய உறவினரான கெசையாவையும் இரு குழந்தைகளையும் அழைத்துவந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வாறு ஏறத்தாழ 13 முறை சென்றார். ஏறத்தாழ 70 பேரை மீட்டார். மீட்டவர் 300 என்று எழுதிய பழைய நூல்கள் உண்டு. அவ்வளவு கூட்டிச் சொல்லத் தேவையில்லை. எழுபது உயிர்களே பெருந்தொகைதான். அடிமைகளுக்கு உதவிய மறைமுக வழிகளையும் வீடுகளையும் மக்கள் நிலத்தடி இருப்புப்பாதை என்று குறித்தனர். அங்கே தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. அஞ்சாத மனிதர்களே இருந்தனர். வில்மிங்டனில் தாமஸ் காரட், பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் ஆகியோர் அவருள் சிலர்.

ஹாரியட்டின் திட்டங்கள் நுட்பமானவை. இரவு நீளும் குளிர்காலத்தையே தேர்ந்தார். சனிக்கிழமை இரவில் புறப்பட்டால், ஓடியவரைப் பற்றிய விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் அச்சேறாது. குழந்தைகள் அழாதிருக்க அபினி கலந்த மருந்து கொடுத்தார். பாட்டின் மெட்டை மாற்றி, வரலாம் என்றும் வரவேண்டாம் என்றும் குறிப்புணர்த்தினார். அஞ்சித் திரும்ப முனைந்தவருக்குக் கைத்துப்பாக்கியைக் காட்டினார். ஒருவர் திரும்பினால் அனைவரும் அகப்படுவர்.

இத்தனை திட்டங்களுக்கும் அடங்காதது அவருடைய உறக்கம். நடுவழியில் அவர் தலை சாய்ந்துவிடும். பின்னால் வேட்டை நாய்கள் வரலாம். முன்னால் காவல் இருக்கலாம். வழி தெரிந்தவரோ மண்ணில் நினைவற்றுக் கிடக்கிறார். உடன்வந்தோர் செய்யக்கூடியது ஒன்றே: சுற்றி அமர்ந்து காத்திருத்தல். காத்திருந்தனர். அவர் விழித்தார், எழுந்தார், நடந்தனர். அவருடைய வீரத்தைப் பேசுவோர் அந்தக் காட்டிருளில் பொறுமையோடு காத்திருந்த பெயர் தெரியாதவர்களை மறந்துவிடுகின்றனர். ஒருமுறை மார்ச் மாதக் குளிரில் உள்ளத்தில் ஓர் எச்சரிக்கை எழவே, அவர் திடுமெனச் சாலையை விட்டு விலகினார். எதிரே ஆழமறியாத நீரோட்டம். ஆண்கள் தயங்கினர். அவர் முதலில் இறங்கினார், நீர் அக்குள்வரை ஏறியது, கரையேறினார். பிறகு அவர்களும் இறங்கினர். 1857இல் முதிய பெற்றோரையும் மீட்டார். அழைத்துச் சென்றவருள் ஒருவரையும் அவர் இழந்ததில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டபின், 1862இல் தென் கரோலினா சென்றார். வேர்களைக் காய்ச்சி வயிற்றுக்கடுப்புற்ற வீரர்களைக் குணப்படுத்தினார், ஒற்றர்களை வழிநடத்தினார். 1863 ஜூன் 2 அன்று காம்பஹி ஆற்றில் படகுகள் சென்ற தாக்குதலுக்கு வழிகாட்டினார். 700க்கும் மேற்பட்ட அடிமைகள் அன்று விடுதலை பெற்றனர். முறையான ஊதியம் இல்லாமையால், பகல்முழுதும் பணிசெய்தவர் இரவில் தின்பண்டம் செய்து விற்றுத் தம் செலவைப் பார்த்துக்கொண்டார். போர் முடிந்து 1865இல் வீடு திரும்புகையில் தொடர்வண்டி நடத்துநர் அவரைப் பெட்டியைவிட்டு வெளியேறச் சொன்னார். மறுத்தபோது ஆள் சேர்த்து இழுத்தெறிந்தனர், கை முறிந்தது. எடைக்கல் விழுந்த உடலில் இன்னொரு காயம்.

நியூயார்க் மாநிலத்து ஆபர்னில் அவருடைய பிற்காலம் கழிந்தது. வறியோரும் முதியோரும் ஆதரவற்றோரும் அவ்வீட்டை நாடி வந்தனர். கடன் தீரவில்லை. தாம் ஆற்றிய போர்ப்பணிக்குப் பல்லாண்டுகள் ஓய்வூதியம் கேட்டார். 1899இல்தான் மாதம் 20 டாலர் முடிவானது. பெண்கள் வாக்குரிமைக்காக மேடையேறினார். உறக்கம் அங்கும் வந்தது.

வயது எழுபதைக் கடந்தபின் தலைக்குள் வலியும் இரைச்சலும் மிகுந்து, இரவில் கண்மூட இயலாதாயிற்று. பகலில் வேண்டாத உறக்கம்; இரவில் வேண்டிய உறக்கம் இல்லை. 1890களின் பிற்பகுதியில் பாஸ்டன் சென்றபோது மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குத் தாமே நடந்து போய், தம் தலையைத் திறந்து பார்க்குமாறு மருத்துவரிடம் கேட்டார். மயக்கமருந்தை மறுத்தார். போர்க்களத்தில் கால் வெட்டப்படும் வீரர்கள் செய்ததைப் போலத் துப்பாக்கிக் குண்டு ஒன்றைப் பல்லிடைக் கடித்துக்கொண்டார். மருத்துவர் மண்டையோட்டை அறுத்து, அழுந்தியிருந்த எலும்பை உயர்த்தினார். முடிந்ததும் எழுந்து, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். கால்கள் தளரவே மருத்துவ வண்டியில் ஏற்றினர். இதைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையோடு கூறுவதுண்டு. அதன்பின் தலை சற்று இலேசாயிற்று என்பார். கடையில் எடைக்கல் விழுந்து அப்போது அறுபதாண்டுகள் கடந்திருந்தன.

முதியோருக்கு ஓர் இல்லம் அமைக்க விரும்பித் தம் வீட்டையடுத்த 25 ஏக்கர் நிலத்தை 1896இல் ஏலத்தில் வாங்கியிருந்தார். பராமரிக்கப் பணமின்றி 1903இல் அதைத் திருச்சபை ஒன்றிடம் ஒப்படைத்தார். 1908இல் அங்கே இல்லம் திறக்கப்பட்டது. சேர்வோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று திருச்சபை விதித்தபோது, கையில் ஒன்றுமில்லாதவரே உள்ளே வரவேண்டும் என்று ஹாரியட் சினந்தார். 1911இல் உடல் முற்றும் தளர்ந்து அவரும் அவ்வில்லத்திலேயே சேர்ந்தார். 1913 மார்ச் 10 அன்று நுரையீரல் அழற்சியால் காலமானார். ஆபர்னின் போர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் படைவீரருக்குரிய மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தனர்.