தேசிய மந்திரி சபையும் ஷண்முகம் செட்டியாரும்

ஒரு தேசம் அன்னிய ஆட்சியினின்றும் விடுதலை அடைவது ஒரு காரியம். விடுதலை அடைந்த மறுநாளே அதை நடத்திச் செல்லத்தக்க மந்திரி சபையை அமைப்பது வேறொரு காரியம். முன்னதற்குத் தியாகம் வேண்டும். பின்னதற்குத் தியாகத்துடன் வேறு பல யோக்கியதைகளும் வேண்டும். சிறை சென்றவர்களுக்கே மந்திரி பதவி உரியதா, அல்லது எதிர்வரிசையில் நின்றவர்களையும் தேசத்தின் தேவையை முன்னிட்டு அழைக்கலாமா என்ற கேள்வி 1947-ம் வருஷத்தில் எழுந்தது. அக்கேள்விக்கு அன்றைய தலைவர்கள் அளித்த விடையை ஸர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரின் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம். ஆகவே அவருடைய சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1892-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி கோயம்புத்தூரில் அவர் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் சட்டக் கலாசாலையிலும் பயின்றார். பின்னர் தம் ஊரின் நகரசபையில் அங்கத்தினராகிப் பொது வாழ்வில் புகுந்தார். காங்கிரஸ் பகிஷ்கரித்த 1920-ம் வருஷத் தேர்தலின் வழியாகச் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்றார். ஆயினும் சில வருஷங்களுக்குள் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து, டில்லியில் இந்திய சட்டசபையில் அதன் வரிசையில் அமர்ந்து பணியாற்றினார். பொருளாதார விஷயங்களில் அவருக்கிருந்த தெளிவும், வாதத்தில் அவருக்கிருந்த ஆற்றலும் அங்கே எல்லாக் கட்சியினருடைய மதிப்பையும் பெற்றன.

பின்னர் அவர் சென்ற பாதை வேறு. தேசத்தின் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்துகொண்டிருந்த காலத்தில், அவர் 1931-ல் சட்டசபையின் உப அக்ராசனரானார். 1932-ல் ஆட்டவா நகரில் கூடிய சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாட்டிற்கு இந்திய சர்க்காரின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றார். பிரிட்டிஷ் சரக்குகளுக்குச் சுங்கத்தில் சலுகை அளித்த அந்த ஒப்பந்தத்தைத் தேசியவாதிகள் வன்மையாக எதிர்த்தார்கள். 1933-ல், முன்பு வித்தல்பாய் படேல் அலங்கரித்த அக்ராசனப் பீடம் அவருக்குக் கிடைத்தது. ஸர் பட்டமும் வந்தது. 1934-ம் வருஷத் தேர்தலில் காங்கிரஸ் அபேட்சகரான சாமி வெங்கடாசலம் செட்டியார் அவரைத் தோற்கடித்தார். சட்டசபைக்கே தலைமை வகித்தவர் தோற்றது அக்காலத்தில் காங்கிரஸின் பெரிய வெற்றிகளில் ஒன்றாகக் கொண்டாடப்பட்டது.

தோல்வியால் அவருடைய திறமை மங்கிவிடவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். மக்களின் பிரதிநிதி ஒருவரை மந்திரியாக்கிச் சில இலாகாக்களை அவரிடம் ஒப்படைக்கும் சீர்திருத்தம் 1938-ல் அங்கே அமலுக்கு வந்தது. சுதேச சமஸ்தானங்களில் அது முன்மாதிரியான காரியம். 1944-ல் சர்வதேச நாணய நிதியையும் உலக பாங்கியையும் தோற்றுவித்த பிரெட்டன்வுட்ஸ் மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகக் கலந்துகொண்டார். இடையே தமிழையும் அவர் மறக்கவில்லை. தமிழிசை இயக்கத்திற்குத் துணை நின்றார். சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதினார்.

1947-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி பதவியேற்ற மந்திரி சபையில் பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு உட்பட 14 பேர் இருந்தனர். வல்லபபாய் படேல், ராஜேந்திர பிரசாத், அபுல் கலாம் ஆஜாத், ஜகஜீவன்ராம், ராஜகுமாரி அமிர்த கௌர், ரபி அகமது கித்வாய், காட்கில் ஆகியோர் காங்கிரஸைச் சேர்ந்தவர்கள். காங்கிரஸை இடைவிடாது கண்டித்து வந்த டாக்டர் அம்பேத்கார் சட்ட மந்திரியானார். ஹிந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி கைத்தொழில் இலாகாவை ஏற்றார். சீக்கியர்களின் சார்பில் பல்தேவ் சிங்கும், கட்சிச் சார்பற்ற ஜான் மத்தாயும் பாபாவும் இடம் பெற்றனர். நிதி இலாகா ஷண்முகம் செட்டியாரிடம் வந்தது. ஆக, 14 பேரில் 6 பேர் காங்கிரஸுக்கு வெளியே இருந்து வந்தவர்கள்.

பதின்மூன்று வருஷங்களுக்கு முன் தேர்தலில் தாங்கள் வீழ்த்திய மனிதரிடம் தேசத்தின் பொக்கிஷச் சாவியை ஒப்படைப்பதா என்று தொண்டர்கள் மனம் புழுங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. தடியடி பட்டவனுக்கு அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அன்றைய நிலைமையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசம் பிளவுண்டிருந்தது. பஞ்சாபிலிருந்து லக்ஷக்கணக்கான அகதிகள் வந்துகொண்டிருந்தனர். உணவுத் தானியம் பற்றாக்குறை. யுத்த காலத்தில் பிரிட்டனிடம் சேர்ந்துவிட்ட ஸ்டர்லிங் பாக்கியைப் பேசி வாங்க வேண்டியிருந்தது. இத்தனை கணக்குகளையும் அறிந்தவர் ஒருவர் தேவைப்பட்டார். அவருடைய பழைய கட்சி எது என்று பார்த்துக்கொண்டிருக்க அது நேரமன்று.

அவ்வருஷம் நவம்பர் 26-ந் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் சமர்ப்பித்தார். ஏழரை மாத காலத்திற்கான அதில் வருமானம் 171 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம்; செலவு 197 கோடிக்கு மேல். செலவில் ஏறக்குறைய பாதி, அதாவது 92 கோடிக்கு மேல், தேசப் பாதுகாப்புக்கே சென்றது. பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய 55 கோடி ரூபாயை முதலில் நிறுத்திவைத்து, காந்தியடிகள் உபவாசம் தொடங்கிய பின் 1948 ஜனவரியில் கொடுத்துவிட மந்திரி சபை தீர்மானித்தபோதும் நிதி மந்திரி அவரே. ஸ்டர்லிங் பாக்கி சம்பந்தமாக அவ்வருஷம் லண்டனுக்குச் சென்று பேச்சு நடத்தித் திரும்பினார்.

திரும்பிய சில வாரங்களில் அவருடைய பதவி முடிவுற்றது. வருமான வரி ஏய்த்தவர்களைப் பற்றி ஆராய ஒரு விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டிருந்தது. அதன் விசாரணைக்குரிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைப் பற்றிக் கண்டனம் எழுந்தது. இலாகாவின் தலைவர் என்ற முறையில் பொறுப்பை ஏற்று, 1948 ஆகஸ்டில் ராஜினாமாச் செய்தார். ஜான் மத்தாய் நிதி மந்திரியானார். பின்னர் 1952-ம் வருஷத் தேர்தலில் செட்டியார் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1953 மே மாதம் காலமானார்.

இவ்வாழ்க்கையில் குறைகள் இல்லையென்று நாம் கூறவில்லை. ஆட்டவாவை நியாயப்படுத்தவும் நாம் முன்வரவில்லை. திறமையை முன்னிட்டு ஒருவரை அழைப்பது ஒரு பாதி தர்மம். அவர் பொறுப்பில் தவறு நேர்ந்தால், எத்தனை திறமையாளராயினும், விலகிச் செல்வது மற்றொரு பாதி. முதல் மந்திரி சபை முதற் பாதியைக் காட்டியது. ஒரே வருஷத்தில் ஷண்முகம் செட்டியாரின் ராஜினாமா இரண்டாவதையும் காட்டியது. மந்திரி சபைகள் அமைக்கப்படும்போதெல்லாம் கட்சிக்காரர்களின் கணக்கும் ஜாதிக் கணக்கும் ஜில்லாக் கணக்கும் பேசப்படுகின்றன. அவற்றோடு இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கணக்கிடும்படி தேசத் தொண்டர்கள் தங்கள் தலைவர்களை வற்புறுத்த வேண்டுமென்பதே நமது கோரிக்கை.