மடமும் மக்களும்: குன்றக்குடி அடிகளாரின் பொதுவாழ்வு

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, சிங்கம்புணரியை அடுத்துள்ள பிரான்மலை பாரியின் பறம்புமலையாகவும் தேவாரப் பாடல்பெற்ற திருக்கொடுங்குன்றமாகவும் போற்றப்படுவது. அதன் திருக்கோயில் குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் ஆளுகைக்குட்பட்டது. அங்குப் பாரிக்கு விழா எடுத்தவர் அவ்வாதீனத் தலைவராக விளங்கிய தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995). சமய நிறுவனம் அரசுக்கு வரி செலுத்த வேண்டுமா, அரசியலில் ஈடுபடலாமா என்னும் வினாக்களை ஆராய்வதற்கு அவரது வாழ்க்கை தக்க சான்றாகும்.

மயிலாடுதுறை அருகே நடுத்திட்டில் அரங்கநாதனாகப் பிறந்த அவர், தருமபுர ஆதீனத்தில் எழுத்தராகப் பணியேற்று, கந்தசாமித் தம்பிரானாகத் துறவு பூண்டார். 1952இல் குன்றக்குடி ஆதீனத் தலைமையை ஏற்றார்.

அக்காலத்தில் மடங்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு வழக்காடு மன்றத்தில் இருந்தது. 1951ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டம், சமய நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத தொகையை அரசுக்குரிய பங்களிப்பாக விதித்தது. 1954இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், அது கட்டணமன்று, வரியே என்றும், அவ்வரியை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் பணிக்கு ஈடான பங்களிப்பாக அதனை விதித்தது.

சட்டம் மடத்தின் கடனை விழுக்காட்டால் அளந்தது. அடிகளார் அதனை ஊரின் நலத்தால் அளந்தார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு அவர் உருவாக்கிய குன்றக்குடிக் கிராமத் திட்டம், மடத்தைச் சிற்றூரின் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பாக்கியது.

அரசியலிலிருந்தும் அவர் ஒதுங்கவில்லை. கடவுள் மறுப்பாளரான பெரியாருடன் கொள்கை வேறுபாட்டுக்கிடையிலும் நட்புப் பேணினார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்று வழக்கையும் தண்டத்தையும் ஏற்றார். 1969இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1982இல் மண்டைக்காட்டில் சமயக் கலவரம் மூண்டபோது அங்குச் சென்று அமைதிப்பணி ஆற்றினார். மொழி, சமூக ஒற்றுமை ஆகியனவே அவரது அரசியலின் களங்கள். தம் சமயத்தாருக்குச் சலுகை பெறுவது அதன் நோக்கமன்று.

எனினும் இவ்வாழ்க்கையைக் கொண்டு மடங்களுக்கு வரிவிலக்கோ, கட்டற்ற அரசியல் உரிமையோ கோருதல் பொருந்தாது. அவர் ஆற்றியவை பதவி விதித்த கடமைகள் அல்ல. அவரே மனமுவந்து மேற்கொண்டவை. தலைவர் மாறினால் தொண்டும் மாறலாம். மடத்தின் நிலமும் வருவாயும் மாறுவதில்லை. ஆகவே பங்களிப்பும் தணிக்கையும் தனிமனிதப் பண்பைச் சாராது சட்டத்தைச் சார்ந்தே நிற்றல் வேண்டும். சட்டம் விதிக்கும் அளவு மடத்தின் கடமைக்குத் தொடக்கமே என்பதை உணர்த்துவதே அடிகளார் வாழ்க்கையின் பயன்.