பென்சில் முனையில் பிறந்த புகழ்

(பிரெஞ்சு ஓவியர் ஏங்கரின் வாழ்க்கை வரலாறு)

உலகில் விலை மலிந்த கருவிகளுள் பென்சிலும் ஒன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையின் கையிலும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையின் கையிலும் இருப்பது ஒரே பென்சில்தான். அந்த எளிய கருவியால் மனித முகங்களை உயிர் ததும்ப வரைந்து, இரு நூற்றாண்டுகள் கடந்தும் உலகம் வியக்கச் செய்தவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஏங்கர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவமணிகளும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும் என்று கருதி, அதனைச் சுருக்கமாக இங்குத் தருகின்றேன்.

பிறப்பும் இளமையும்

பிரான்சின் தென்பகுதியில் மொந்தோபான் என்றோர் ஊர் உள்ளது. அங்கு 1780ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் ழான் ஒகுஸ்த் தொமினிக் ஏங்கர் பிறந்தார். ஆங்கில எழுத்துகளில் அவர் பெயரைக் காண்போர் இங்கிரெஸ் என்று படிக்கக்கூடும். பிரெஞ்சு மக்கள் ஏங்கர் என்றே ஒலிப்பர். பெற்றோருக்கு அவரே மூத்த பிள்ளை. தந்தையார் சிற்பம், சிற்றோவியம், கட்டட அலங்கார வேலை, இசை எனப் பல கலைகளை அறிந்தவர். தாயார் பொய்முடி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். எழுத்தறிவு மிகக் குறைந்தவர்.

தந்தையாரே மகனுக்கு முதல் ஆசான். கையில் எழுதுகோலையும் வயலினையும் கொடுத்துப் பழக்கினார். ஏங்கர் 1789ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஒன்பது வயதில், ஒரு பழஞ்சிலையின் வார்ப்பைப் பார்த்து வரைந்த படமே நமக்குக் கிடைத்துள்ள அவருடைய முதல் சித்திரம்.

அதே ஆண்டில்தான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாட்டின் குழப்பத்தில் ஏங்கர் பயின்ற பள்ளி 1791இல் மூடப்பட்டது. அவ்வாறு பதினொரு வயதிலேயே பொதுக்கல்வி தடைப்பட்டது. முறையாகப் படிக்கவில்லையே என்ற குறை வாழ்நாள் முழுதும் அவர் உள்ளத்தை உறுத்தியது. ஆனால் அவர் அக்குறையை எண்ணிச் சோர்ந்துவிடவில்லை. நல்ல நூல்களைத் தேடிப் படித்தார். படித்தவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். பள்ளிக் கதவு அடைபட்டாலும் கல்விக் கதவு அடைபடுவதில்லை என்பதற்கு அவர் ஒரு சான்று.

பள்ளி மூடப்பட்ட அதே ஆண்டில் தந்தையார் அவரைத் துலூஸ் நகரத்துக் கலைக்கழகத்தில் சேர்த்தார். அங்கு ஓவியமும் சிற்பமும் கற்றார். பதின்மூன்று வயது முதல் பதினாறு வயது வரை அந்நகரின் இசைக்குழுவில் வயலின் வாசித்தும் வந்தார்.

பாரிசும் பரிசும்

1797ஆம் ஆண்டில் ஏங்கர் தலைநகர் பாரிசுக்குச் சென்றார். அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த தாவீத் என்னும் ஓவியரின் மாணவரானார். 1801இல் ரோமாபுரிப் பரிசு என்னும் உயரிய பரிசை வென்றார். பரிசு பெற்றவரை அரசாங்கம் தன் செலவில் இத்தாலிக்கு அனுப்பிக் கற்பிப்பது வழக்கம். அரசின் கருவூலத்தில் பணம் இல்லாமையால் அவர் ஐந்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1806இல்தான் ரோம் நகரில் காலடி வைத்தார்.

அவர் பாரிசை விட்டுப் புறப்பட்ட அவ்வேளையில், அரியணையில் அமர்ந்த நெப்போலியனை அவர் தீட்டிய பெரிய ஓவியம் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. திறனாய்வாளர்கள் அதனைக் கடுமையாகக் குறை கூறினர். அச்செய்தி ரோமிலிருந்த இளைஞரை வேதனையில் ஆழ்த்தியது. 1824ஆம் ஆண்டு வரை, பதினெட்டு ஆண்டுகள், அவர் இத்தாலியிலேயே வாழ்ந்தார்.

பென்சிலின் கதை

இங்குப் பென்சிலைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அக்காலத்தில் நல்ல பென்சிலுக்கு வேண்டிய கிராஃபைட் என்னும் கரிப்பொருள் இங்கிலாந்திலுள்ள பாரோடேல் என்னும் இடத்தில் வெட்டி எடுக்கப்பட்டது. 1793இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டதால் அது பிரான்சுக்கு வருவது தடைப்பட்டது. அப்போது கோந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர், கிராஃபைட்டுத் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுட்டுப் புதுவகைப் பென்சிலைச் செய்தார். 1795இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் மிகுந்தால் பென்சில் கடினமாகி வெளிறிய கோடு விழும். களிமண் குறைந்தால் மென்மையாகிக் கரிய கோடு விழும். நம் மாணவர்கள் தேர்வுக்கு வாங்கும் 2பி பென்சிலும் இம்முறையில் செய்யப்படுவதே.

பென்சில் கோட்டை அழிக்கும் ரப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. மரப்பாலிலிருந்து கிடைத்த அப்பொருள் பென்சில் கோட்டைத் துடைக்க வல்லது என்று 1770ஆம் ஆண்டில் ஜோசஃப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிவியலார் எழுதி வைத்தார். தேய்த்து அழிக்கும் பொருள் என்பதாலேயே ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்ற பெயர் வந்தது. நம் பாட்டனும் பாட்டியும் வைகறையில் எழுந்து பால் வெட்டிய மரத்திற்குப் பெயர் தந்தது ஒரு பென்சில் கோடு! தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டாலும் நம் பிள்ளைகள் இதனை மறத்தல் ஆகாது.

வறுமையில் கைகொடுத்த கலை

ஏங்கரின் அரசாங்க உதவித்தொகை 1810இல் முடிந்தது. அப்போது ரோம் நகரம் நெப்போலியனின் ஆட்சியில் இருந்தது. அங்குப் பணிபுரிந்த பிரெஞ்சு அதிகாரிகள் அவருக்கு வேலை கொடுத்தனர். 1813இல் மதலேன் என்னும் நங்கையை மணந்தார். நேரில் காணாமலே கடிதங்களின் வழி உறுதி செய்யப்பட்ட திருமணம் அது. ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நல்லறமாக நிலைத்தது.

1814ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அவ்வாண்டே ஏங்கருக்குப் பிறந்த ஒரே குழந்தை உயிரின்றிப் பிறந்தது. நெப்போலியனும் வீழ்ந்தார். பிரெஞ்சு அதிகாரிகள் ரோமை விட்டு அகன்றனர். ஏங்கருக்கு வேலை கொடுப்பார் இல்லை. வீட்டில் வறுமை குடிகொண்டது.

போர் ஓய்ந்தமையால் ஆங்கிலேயப் பயணிகள் ரோம் நகரைக் காணத் திரண்டு வந்தனர். அவர்கள் ஊர் திரும்புமுன் தங்கள் உருவத்தை வரைந்து எடுத்துச் செல்ல விரும்பினர். அவர்களுக்குப் பென்சிலால் உருவப்படம் வரைந்து கொடுத்து ஏங்கர் குடும்பத்தைக் காப்பாற்றினார். பெரிய வரலாற்று ஓவியங்களைத் தீட்டவேண்டும் என்பதே அவருடைய பேரவா. ஆகவே கூலிக்கு முகம் வரையும் வேலை அவருக்கு மனக்குறையாகவே இருந்தது. சிறு படங்கள் வரைபவர் வீடு இதுதானா என்று பயணிகள் கதவைத் தட்டிக் கேட்டால், இங்கு வசிப்பவர் ஓர் ஓவியர் என்று அவர் சினத்துடன் விடை கூறியதாகச் சொல்வதுண்டு.

எனினும் வேலையில் அமர்ந்துவிட்டால் அவரிடம் சினமும் இல்லை, சலிப்பும் இல்லை. வந்தவர் பெருஞ்செல்வராயினும் சாதாரணப் பயணியாயினும் ஒரே கவனத்துடன் வரைந்தார். விரும்பாத வேலைதானே என்று ஒரு கோட்டைக்கூட அவர் பொய்யாகப் போடவில்லை. அவருடைய பெருமையெல்லாம் இதில்தான் அடங்கியுள்ளது.

அவர் வரைந்த முறை

ஓர் உருவப்படத்திற்கு ஏங்கர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய நான்கு மணி. காலையில் ஒன்றரை மணி நேரமும் பிற்பகலில் இரண்டரை மணி நேரமும் வரைவார். இடையில் வந்தவரோடு அமர்ந்து உணவு உண்பார். படத்திற்காக அமர்ந்திருப்பவரின் முகம் இறுகியிருக்கும்; உண்ணும்போதும் உரையாடும்போதும் உண்மை முகம் வெளிப்படும். அதனை அவர் உற்றுநோக்கி மனத்தில் பதித்துக்கொள்வார். முடித்த படத்தை மறுநாள் திருத்துவது மிக அரிது. கண் நன்றாகப் பார்த்துவிட்டால் கை தடுமாறுவதில்லை.

வழவழப்பான தாளில், கூராகச் சீவிய பென்சிலால், முகத்தை மிக நுட்பமாக வரைவார். கன்னத்தின் நிழலும் இமையின் வளைவும் மெல்லிய தீற்றல்களால் உருப்பெறும். உடையையும் கைகளையும் விரைந்த சில கோடுகளால் காட்டிவிடுவார். அதனால் காண்போரின் கண் நேரே முகத்திற்குச் செல்லும். ஓவியத்தின் நேர்மை கோட்டில்தான் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை.

அவர் வரைந்த பென்சில் உருவப்படங்களுள் நானூறுக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. புகழ்பெற்ற வயலின் கலைஞர் பகானினியை 1819இல் வரைந்த படம் பாரிசின் லூவர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. 1814இல் தம் அன்னையை வரைந்த படம் மொந்தோபானில் இருக்கிறது. எழுத்தறிவு குறைந்த தாயின் முகத்தைத் தாளில் எழுதி நிலைபெறச் செய்தார் அம்மகன்.

புகழும் மறைவும்

ஏங்கர் தம் ஊர்ப் பேராலயத்திற்காகத் தீட்டிய பெரிய ஓவியம் 1824இல் பாரிசுக் கண்காட்சியில் பெரும் வரவேற்பைப் பெற்றது. மறு ஆண்டில் மன்னர் அவருக்கு விருது அளித்தார். 1835 முதல் 1841 வரை, தாம் முன்பு மாணவராக இருந்த ரோம் நகரப் பிரெஞ்சுக் கலைக்கழகத்திற்கே தலைவராக விளங்கினார்.

1849இல் மதலேன் அம்மையார் மறைந்தபோது துயரத்தால் பல மாதங்கள் அவர் தூரிகையைத் தொடவில்லை. பின்னர் மறுமணம் செய்துகொண்டு மீண்டும் பணியில் ஈடுபட்டார். முதுமையிலும் கை ஓயவில்லை. 1855இல் தம்மைக் காண வந்த தெகா என்னும் இளைஞரிடம், கோடுகளை வரைந்துகொண்டே இருக்கவேண்டும், கண்டதையும் வரையவேண்டும், நினைவிலிருந்தும் வரையவேண்டும் என்று அறிவுரை கூறினார். அவ்விளைஞரும் பிற்காலத்தில் பெரும் ஓவியரானார்.

1867ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில் ஏங்கர் இயற்கை எய்தினார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட தம் சித்திரங்களைப் பிறந்த ஊருக்கே விட்டுச் சென்றார். அவருடைய வயலினும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது. தொழில் ஓவியமாயினும் ஓய்வில் வயலினை அவர் விடாது வாசித்து வந்தார். அதனால் பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒருவரின் பொழுதுபோக்குக் கலையை ஏங்கரின் வயலின் என்று குறிப்பிடுவர்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

சிறு வேலை என்று ஏங்கர் மனம் வருந்திய பென்சில் படங்களை, அவருடைய பெரிய ஓவியங்களுக்கு இணையாக, சிலர் அவற்றினும் மேலாக, இன்று போற்றுகின்றனர். எந்த வேலை நமக்குப் புகழ் தரும் என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது. எந்த வேலையையும் நேர்மையாகச் செய்வது மட்டுமே நம் கையில் உள்ளது.

மாணவர்களே! உங்களிடம் பென்சில் இருக்கிறது. வீட்டில் பாட்டியின் முகம் இருக்கிறது. முதலில் முகத்தின் முழு வடிவத்தை மெல்லிய கோட்டால் வரையுங்கள். கண்கள் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் அமையும். இரு கண்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலம் இருக்கும். காது புருவத்தின் மட்டத்தில் தொடங்கி மூக்கின் அடிமட்டத்தில் முடியும். இவற்றை அளந்து பார்த்த பிறகே நிழல் இடுங்கள். முதற்படம் பாட்டியைப் போல இராது; பத்தாவது படம் சற்றே போலிருக்கும். மனம் தளராதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் முகம் வரைந்திருந்தால், படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். வீட்டுப்பாடம் முடிந்தபின் வரையச் சொல்லி ஒரு வெற்றுத் தாளைக் கொடுங்கள். உற்றுப் பார்க்கவும், பொறுமையாக இருக்கவும், பிறர் முகத்தை மதிக்கவும் அந்தத் தாள் அவனுக்குக் கற்பிக்கும். அக்கல்வி கணிதத்திற்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும். ஏங்கரின் தந்தையார் தம் மகனுக்குச் செய்ததும் இதுவே.