ஹொப் விளையாத மலையில் பியர் காய்ச்சிய துரை

முன்னேஸ்வரத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் காலையில் இறக்கும் கள்ளு, மத்தியானம் தாண்டினாலே புளிப்பேறிவிடும். சில நாள் விட்டால் வினாகிரி. அன்றன்று இறக்கி அன்றன்று குடித்து முடிக்கிற பானம் அது. கனடாவில் வீட்டிலேயே ஐ.பி.ஏ. பியர் காய்ச்சுகிற என் மச்சான் ஒருவன் கோவில் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, மொத்தமாக எந்த ஹொப் வாங்குவது என்று ஒரு மணித்தியாலம் பேசினான். சிட்ராவா, மொசைக்கா, கஸ்கேட்டா? ஒரேயடியாக வாங்கினால் விலை குறைவு, ஆனால் தெரிவு பிழைத்தால் ஒரு வருசம் முழுக்க அதையே குடிக்க வேண்டும். அப்போது எனக்கு நினைவு வந்தவர் சாமுவேல் பேக்கர்.

நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போனவர் என்றுதான் உலகம் அவரை அறியும். இலங்கையில் அவருக்கு வேறு முகம். நுவரெலியாவில் இங்கிலாந்துக் கிராமமொன்றை அப்படியே நட்டுவைக்கப் பார்த்தவர். லயன் பியரின் பூர்வீகமும் அவரிடமிருந்தே தொடங்குகிறது.

1821 ஜூன் 8இல் லண்டனில் பிறந்தார். தகப்பனுக்கு ஜமெய்க்காவிலும் மொரீஷியஸிலும் கரும்புத் தோட்டங்கள். குடும்பத்தின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் திரண்டது. 1843இல் பாதிரியார் ஒருவரின் மகள் ஹென்றியெட்டாவை மணந்து, தோட்டத்தைப் பார்க்க மொரீஷியஸ் போனார். அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கிக்கொண்டிருந்த காலம். அங்கே மனம் ஒட்டவில்லை. 1846இல் இலங்கைக்கு வந்தார், யானை வேட்டைக்காக.

ஒரு வருசம் காடுகளில் அலைந்ததில் கடும் காய்ச்சல். இளைப்பாற நுவரெலியா போய் இரண்டு வாரத்தில் தேறினார். அந்த இரண்டு வாரம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இவ்வளவு நல்ல குளிர் பூமியை ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியோடு ஊர் திரும்பி, 1848இல் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரர், உயர்ரகக் காளை, செம்மறிகள், வேட்டைநாய்கள் என்று பெரிய பரிவாரத்தோடு கப்பலேறினார்.

சும்மா கிடந்த நிலம் என்று அவர் நினைத்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கி விற்க வழிசெய்தது. பேக்கரின் கூட்டம் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் மாத்தளையில் கிளர்ச்சி நசுக்கப்பட்டு, புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். பேக்கர் தன் இலங்கை அனுபவங்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதினார். அவற்றில் நாய்களுக்குக்கூடப் பெயர் உண்டு. காடு வெட்டிய கூலிகள் ஒரு கூட்டமாகத்தான் வருகிறார்கள்.

தொடக்கம் படு மோசம். வண்டியை ஓட்டிவந்த குதிரைக்காரர் இறம்பொடைக் கணவாயில் அதைப் பள்ளத்தில் விட்டார். அதை மீட்க அனுப்பிய யானையையும் மலையேற்றத்தில் விரட்டி விரட்டிச் சாகடித்தார். குடிதான் அவருடைய பலவீனம். உருளைக்கிழங்கைப் புழு தின்றது, ஓட்ஸை மரையும் பன்றியும் தின்றன, மாடுகளைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. மலைமண் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் சத்தற்றது என்று புரிந்து, உரம் போட்டுத் திருத்திய பிறகுதான் காய்கறி பிடித்தது.

1849இல் அங்கே பியர் காய்ச்சும் சிறு தொழிலை பேக்கர் தொடங்கினார் என்பது லயன் கொம்பனி சொல்லும் வரலாறு. தேயிலைத் தோட்டத் துரைமாருக்காக என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது பிழை. தேயிலை வர இன்னும் ஏறக்குறைய இருபது வருசம் இருந்தது. அன்று மலையில் இருந்தது கோப்பி.

இடத் தெரிவு கெட்டித்தனமானது. ஏல் வகைப் பியர் நொதிக்க 15 முதல் 20 பாகை வெப்பம் வேண்டும். ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் கொழும்பில் அது நடக்காது. ஆறாயிரம் அடி உயரத்தில் இயற்கையே அதைத் தந்தது. ஊற்றுத் தண்ணீரும் நல்லது. ஹொப்தான் சிக்கல்.

ஹொப் ஒரு கொடி. அதன் பெண்பூவிலுள்ள மஞ்சள் பிசினே பியருக்குக் கசப்பும் வாசனையும் கொடுத்து, பழுதாகாமலும் காக்கிறது. எங்கள் கள்ளுக்கு இல்லாத காவல் அது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மாதக்கணக்கில் கப்பலில் வந்த பியருக்கு ஹொப்பை அள்ளிப் போட்டதும், ஐ.பி.ஏ. என்ற பெயர் பிறந்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் கொடிக்குக் கோடையில் நீண்ட பகலும், உறங்கக் கடும் குளிர்காலமும் தேவை. நுவரெலியாவில் குளிர் உண்டு. பகலோ வருசம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கும். கொடி வளருமுன்பே பூத்து, விளைச்சல் இல்லாமல் போகும். லீக்ஸும் கரட்டும் இறங்கிவந்த மலை, ஹொப்புக்கு மட்டும் இறங்கவில்லை.

ஆகவே கடல் கடந்துதான் வரவேண்டும். அன்று ஏற்றுமதிப் பியருக்குப் பெயர்போனது கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதுவரை ஆபிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கான பயணம், பிறகு கொழும்பிலிருந்து மாட்டுவண்டி. வெப்பமும் காற்றும் பட்டால் ஹொப்பின் கசப்பு குறையும், வாசனை பழைய பாலாடைக்கட்டி போலாகும். இறுக்கி அமுக்கிய மூட்டையா, எந்த வருச அறுவடை, தளர்ந்திருந்தால் எவ்வளவு கூட்டிப் போடுவது என்பதே அன்றைய மொத்தக் கொள்முதலின் கணக்கு. மச்சானின் கணக்கும் இதுதான். அவனிடம் காற்று நீக்கிய பையும் உறைபெட்டியும் இருக்கின்றன. கோல்டிங்ஸில் கசப்பு அமிலம் ஏறக்குறைய 5 வீதம், சிட்ராவில் 11 முதல் 13 வீதம். அதனால் அவனுக்குக் குறைவாகவும் போதும். (இங்கே உரிமமின்றி வீட்டில் காய்ச்சினால் 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் பாயும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவைத்தேன்.)

பேக்கர் அந்தப் பியரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கவில்லை. உடல்நலம் கெட்டு 1855இல் இலங்கையை விட்டார். தம்பி ஜோன் நுவரெலியாவில் தங்கினார். அதே வருச இறுதியில் பிரான்சில் ஹென்றியெட்டா காய்ச்சலில் இறந்தார். நான்கு மகள்களைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் மறுபடி அலையத் தொடங்கினார்.

1859இல், அன்று துருக்கியர் ஆட்சியிலிருந்த விடின் நகரில், அடிமையாக இருந்த புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை அவர் மீட்டுக்கொண்டுபோனார். ஏலத்தில் தோற்று, காவலர்களுக்குக் கைக்கூலி கொடுத்து எடுத்தார் என்பது பரவலான கதை. அடிமைச் சர்க்கரையில் வளர்ந்தவருக்கு அடிமைச் சந்தையில் கிடைத்த துணை, கடைசிவரை கூடவே நின்றது. இருவருமாக ஆபிரிக்காவுக்குள் போய் 1864 மார்ச் 14இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டார்கள். 1866இல் அவருக்கு சேர் பட்டம். ஆனால் மணமுன்பே அவரோடு வாழ்ந்தவள் என்று விக்டோரியா மகாராணி புளோரன்ஸைச் சந்திக்க மறுத்தார்.

அந்தப் பயணத்தில் ஒரு சங்கதி எனக்கு மிகப் பிடிக்கும். புன்யோரோவில் மாதக்கணக்காக முடங்கி, காய்ச்சலில் மெலிந்து கிடந்தபோது, பானைகளையும் கேத்திலையும் பொருத்தி வற்றாளைக்கிழங்கிலிருந்து சாராயம் வடித்தார் பேக்கர். உடம்பு தேறியது. குடித்துப்பார்த்த மன்னர் கம்ராசிக்கும் ஆசை பிடித்து, தனக்கும் அப்படியொரு வடிசாலை வேண்டுமென்றார். ஹொப் தேவைப்படாத தொழில் அது. தோட்டத்தில் விளைந்ததே போதுமாக இருந்தது.

1869இல் எகிப்தின் கெடிவ் அவரை அடிமை வியாபாரத்தை ஒழிக்கச் சொல்லிப் படையோடு தென்சூடானுக்கு அனுப்பினார். நான்கு வருசம் சண்டையிலேயே கழிந்தது. வியாபாரம் முற்றாக நிற்கவில்லை, எகிப்தின் எல்லைதான் தெற்கே நகர்ந்தது. 1893 டிசம்பர் 30இல் டெவனில் இறந்தார். புளோரன்ஸ் 1916வரை வாழ்ந்தார்.

நுவரெலியா பியருக்கு 1881இல் முறையான கொம்பனி அமைந்தது. லயன் போத்தலில் இன்றும் அச்சாகும் வருசம் அதுதான். காய்ச்சும் இடம் பின்னர் மலையிறங்கி பியகமவுக்கு வந்துவிட்டது. ஹொப் இப்போதும் கப்பலில்தான் வருகிறது.