வெற்றியின் மறுபக்கத்தைக் காட்டிய நெறியாளர்

யுத்தத்தில் வென்ற தரப்பின் பெருமையைப் பாடுவதற்கு எந்த நாட்டிலும் ஆட்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. வென்றவர்களின் மத்தியிலேயே வாழ்ந்துகொண்டு, அந்த வெற்றியின் நிழலில் மாண்டவர்களைப் பற்றிக் கேள்வி எழுப்பும் கலைஞர்களே அரிதானவர்கள். சேர்பியத் திரைப்பட நெறியாளர் அலெக்சாண்டர் பெட்ரோவிச் அத்தகையோருள் ஒருவராவார்.

1929 ஜனவரியில் பாரிஸ் நகரில் பிறந்த பெட்ரோவிச், 1947இல் திரைப்படக் கல்விக்காக பிராக் நகருக்குச் சென்றார். மறு ஆண்டிலேயே டிட்டோவின் யூகோஸ்லாவியாவுக்கும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே மூண்ட பகைமை அவரது படிப்பை இடைநடுவில் நிறுத்தியது. நாடு திரும்பிய அவர், பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயின்று 1955இல் பட்டம் பெற்றார்.

ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாப் படையினரின் வீரத்தைப் போற்றும் படங்களே அன்றைய யூகோஸ்லாவியத் திரையில் மேலோங்கியிருந்தன. அச்சூழலில் 1965இல் பெட்ரோவிச்சின் 'மூன்று' வெளிவந்தது. எழுத்தாளர் அன்டோனியே இசாகோவிச்சின் கதைகளைத் தழுவிய அப்படம், மிலோஷ் என்ற இளைஞன் யுத்த காலத்தில் எதிர்கொள்ளும் மூன்று மரணங்களைச் சித்திரிக்கின்றது. யுத்தம் தொடங்கும் வேளையில், தான் யாரென்பதை நிரூபிக்க இயலாத ஒருவன் ரயில் நிலையத்தில் சந்தேகத்தின் பேரில் சொந்த நாட்டுப் படையினராலேயே சுட்டுக்கொல்லப்படுகிறான். அடுத்து, ஜேர்மன் படையினரால் துரத்தப்படும் மிலோஷ், தன்னைப் போலவே தப்பியோடிய ஒருவனின் மரணத்தைக் காண்கிறான். இறுதியில் யுத்தம் வெல்லப்படுகிறது. அதிகாரியாகிவிட்ட மிலோஷ், எதிரிக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளம்பெண் ஒருத்தி மரணத்தை நோக்கிக் கொண்டுசெல்லப்படுவதைப் பார்த்து நிற்கிறான். நேற்றுவரை வேட்டையாடப்பட்டவன் இன்று வேட்டையாடுவோரின் அணியில் நிற்பதையே அப்படம் நமக்கு உணர்த்துகின்றது.

1967இல் வெளிவந்த 'இறகு சேகரிப்போர்' அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. வொய்வொதினா சமவெளியில் வாத்திறகு வியாபாரம் செய்து பிழைக்கும் ரோமா நாடோடி மக்களை, அவர்களது சொந்த மொழியிலேயே பேச வைத்த படம் அது. கேன்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. 'மூன்று', 'இறகு சேகரிப்போர்' ஆகிய இரு படங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. சேர்பியரின் அப்படத்தில் நாயகனாக நடித்த பெக்கிம் ஃபெஹ்மியூ ஓர் அல்பேனியர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், வெளிநாட்டுப் புகழ் உள்நாட்டில் அரணாக அமையவில்லை. 1969இல் 'போர்பா' நாளேடு, சமூகத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டிய படங்களைக் 'கறுப்பு அலை' எனக் கண்டித்தது. பெட்ரோவிச் பெல்கிரேட்டில் திரைப்படக் கலையைக் கற்பித்து வந்த காலம் அது. அவரிடம் பயின்ற லாசர் ஸ்டோயானோவிச் 1971இல் தயாரித்த 'பிளாஸ்டிக் இயேசு' என்ற படம் தடைசெய்யப்பட்டு, அம்மாணவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1973இல் ஆசிரியரான பெட்ரோவிச்சும் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மாணவனின் படத்துக்காக ஆசானைத் தண்டித்த விநோதம் அது.

அதன்பின் அவருக்கு வாய்ப்புகள் அருகின. ஹைன்ரிக் பொல்லின் நாவலைத் தழுவி, ரோமி ஷ்னைடர் நடிப்பில் 1977இல் அவர் நெறிப்படுத்திய படம் மேற்கு ஜேர்மனியிலேயே உருவானது. மிலோஷ் ட்ஸெர்ன்யான்ஸ்கியின் நாவலைத் தழுவிய 'குடிபெயர்வுகள்' அவரது கடைசிப் படமாகும். அந்நியப் பேரரசுக்காகப் போரிட்டு மடிந்த 18ஆம் நூற்றாண்டுச் சேர்பியர்களின் கதை அது. 1994 ஆகஸ்ட்டில், தாம் பிறந்த பாரிஸிலேயே அவர் காலமானார். அவ்வேளை யூகோஸ்லாவியா சிதறுண்டு கிடந்தது. சரயேவோ நகரம் முற்றுகைக்குள் தவித்துக்கொண்டிருந்தது.

சந்தேகத்தின் பேரில் கொல்லப்படுவோரையும் அதனைப் பார்த்து நிற்போரையும் 1965இலேயே அவர் திரையில் காட்டியிருந்தார். தன் முகத்தைக் காட்டிய கண்ணாடியை உடைத்தெறிந்த அரசு, அந்த முகத்தைத் திருத்திக்கொள்ள முயலவில்லை. பெட்ரோவிச்சின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே எனலாம்.