கால்டுவெல் ஐயரும் காலக்கணக்கும்

திண்டுக்கல்லினின்று மதுரை நோக்கிச் செல்லும் புகைவண்டியில் அமர்ந்து, கொடைரோடு நிலையத்தில் பலகணி வழியே நோக்குவார்க்கு மேற்றிசையில் பழனிமலைத் தொடர் நீல மதிலெனத் தோன்றும். கீழ்த்திசையில் சிறுமலை நிற்கும். இடைப்பட்ட சமவெளியிலே திராட்சைப் பந்தரும் மல்லிகைத் தோட்டமும் உள. நிலையத்தை அடுத்துள்ள ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர். கோடைக்கானல் மலைக்கு வழிவிடும் வாயிலாய் அமைந்தமையால் நிலையத்திற்குக் கொடைரோடு என்னும் பெயர் நிலைத்தது. 1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்த பின்னர், மலைக்குச் செல்வோர் ஈண்டு இறங்கி, மாட்டுவண்டியேறி அடிவாரஞ் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ, மட்டக்குதிரை மீதோ, டோலியிலோ ஒற்றையடிப் பாதையில் ஏறுவர். வண்டிகள் செல்லத்தக்க மலைச்சாலை இருபதாம் நூற்றாண்டிலேதான் அமைந்தது.

மலைக்காற்றை நாடிச் சென்ற முதியோருள் ஒருவர் கால்டுவெல் ஐயர். 1891-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில் அத்தியட்சர் பதவியினின்று விலகி, ஓய்வு நாடிக் கோடைக்கானல் சென்ற அப்பெரியார், அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு எழுபத்தேழு வயது.

அவருடைய புகழை விரித்துரைத்தல் ஈண்டு எம் நோக்கமன்று. அதனை வல்லார் பலர் செய்துள்ளனர். எம் உள்ளத்தில் நெடுநாளாக உறுத்தும் வினா ஒன்று உண்டு. இளமை தொட்டே மெலிந்த உடலும், அடிக்கடி நோயும் உடைய ஒருவர், வெப்பம் மிக்க தேரி நாட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, ஊர் அமைத்து, பள்ளிகள் நடத்தி, கோயில் எழுப்பி, மறைநூல் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவில் அமர்ந்து, நாட்டு வரலாறு எழுதி, இவற்றிற்கெல்லாம் மேலாகத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் ஆக்கியது எங்ஙனம்? அவருக்கும் நாளொன்றுக்கு அறுபது நாழிகைதானே? தேர்வுக் காலத்தில் நேரமில்லை என்று புலம்பும் மாணவர்க்கும், கால அட்டவணையைச் சுவரில் ஒட்டி மறுநாளே அதனை மறந்துவிடும் எம்போன்றார்க்கும் இவ்வினா பெரிதாகும். ஆகவே இவ்வொரு வினாவை மட்டும் கையிற் கொண்டு அவர் வாழ்க்கையை நோக்குவோம்.

அயர்லாந்து நாட்டிலே, ஸ்காட்லாந்தினின்று குடியேறிய பெற்றோர்க்கு 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் பிறந்தார். பத்து வயதளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. பதினாறாம் வயதில் டப்ளின் நகரிலே ஓவியக் கலை பயின்றார். அக்கலையைப் பின்னர்க் கைவிட்டார் என்றே பலரும் எழுதுவர். கைவிடவில்லை என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்து, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கற்று, மொழிகளை ஒப்புநோக்கும் ஆசை அங்கே வேரூன்றப் பெற்றார்.

1837-இல் ‘மேரி ஆன்’ என்னும் கப்பலில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். பாய்க்கப்பல் பயணம் என்பது மாதக்கணக்கில் நீர்ப்பரப்பையே நோக்கிக் கிடத்தலாகும். அக்கப்பலோ தொடக்கத்திலேயே மற்றொரு கப்பலோடு மோதிச் சேதமுற்றுச் செப்பனிட வேண்டியதாயிற்று. மற்றொருவர் இக்காலத்தைச் சலிப்பிலே கழித்திருப்பார். ஐயரோ அதே கப்பலில் வந்த பிரௌன் துரையை நாடினார். தெலுங்கு அகராதியால் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றவர் அத்துரைமகனார். அவரோடு உரையாடி, தென்னாட்டு மொழிகளைப் பற்றியும் வடமொழியைப் பற்றியும் கேட்டறிந்தார். 1838-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் சென்னைத் துறையில் இறங்கும்போது, மொழி நாட்டிலே அவர் முன்னரே இறங்கியிருந்தார் எனலாம். காத்திருக்கும் பொழுதை இங்ஙனம் வேலைப் பொழுதாக்கும் வழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

சென்னையில் ஏறக்குறைய மூன்றாண்டு தங்கினார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்து 1840-இல் வெளியிட்ட துரூ ஐயரின் தோழமை அவருக்குக் கிடைத்தது. இக்காலத்தில் பெரிதாகச் செய்துவிட்ட செயல் யாதென வினவினால், தமிழ் கற்றார் என்பதே விடை. வந்தவுடன் பணியிற் பாய்ந்து, அரைகுறை மொழியால் ஐம்பதாண்டு இடர்ப்பட்டோர் பலர் உளர். அவரோ முதல் மூன்றாண்டைக் கருவி செய்தற்கே செலவிட்டார்.

1841-இல் வேறொரு சங்கத்தைச் சார்ந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டபோது, பல்லக்கும் குதிரையும் வேண்டாவென ஒதுக்கிக் கால்நடையாகவே சென்றார். வெள்ளையர் ஒருவர் நடந்து செல்வதை மதிப்புக்குறைவாகக் கருதிய காலம் அது. சோழநாட்டு ஊர்களைக் கடந்து, கோயம்புத்தூர் வழியாக நீலமலையேறி, அங்கே குருப்பட்டம் பெற்று, மதுரை வந்து, தென்கோடி அடைந்தார். வண்டியிற் போனால் விரைவிலே சேர்ந்திருக்கலாமே என்பார் உளர். சேர்ந்திருக்கலாம். ஆயின் சத்திரத்துத் திண்ணையில் அமர்ந்து வழிப்போக்கரோடு பேசியதும், ஊர்தோறும் பேச்சு மாறுவதைச் செவியாற் கேட்டதும், மக்களின் உணவும் வழக்கமும் கண்டதும் கிடைத்திரா. பயணமும் படிப்பும் ஒரே செலவில் முடிந்தன. விரைவே சிக்கனம் என்று எண்ணும் நமக்கு இக்கணக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. தாறுமாறாகக் கிடந்த குடிசைகளைக் கண்டவர் நிலம் வாங்கி, நேரான தெருக்கள் வகுத்து, கிணறுகள் தோண்டி, நிழல்மரம் வைத்தார். ஊருக்கே ஓர் ஒழுங்கு பிறந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று. இதனை நாம் சிறிது ஊன்றி நோக்கவேண்டும். இடம்விட்டு இடம் பெயர்வோன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகின்றான். ஓரிடத்தில் நிலைத்தவனோ நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்கின்றான். நூல் எங்கே, ஏடு எங்கே, ஆள் எங்கே என்று தேடுதலில் அவன் நாள் கழிவதில்லை.

எல்லாவற்றையும் தாமே செய்ய அவர் முனையவுமில்லை. நாகர்கோயிலிலே பணியாற்றிய மால்ட் ஐயரின் மகளார் எலிசா அம்மையாரை 1844-இல் மணந்தார். அம்மையார் குழந்தைப் பருவமுதலே தமிழ்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். நூல்வழி கற்ற கணவருடைய தமிழுக்கு வழக்குத் தமிழ் அவர்வழி துணையாயிற்று. பெண்கல்வியை அம்மையாரே ஏற்று நடத்தினார். ரேந்தை பின்னும் கைத்தொழிலையும் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்தார். கால்டுவெல் ஐயரைப் புகழ்வோர் அவருடைய நாளின் பெரும்பாரத்தை ஏந்திய இவ்வம்மையாரை ஒருவரியில் முடித்துவிடுதல் முறையன்று. யாமும் ஒரு பத்தியில் முடிக்கின்றோம் என்பது எமக்குத் தெரியும்.

இனி, அவருடைய பெருநூலுக்கு வருவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஓரினம் என்பதனை எல்லிஸ் துரை 1816-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அக்கருத்தை விரித்து, மலையாளம், துளு, குடகு, நீலமலைத் தோதவர் கோத்தர் மொழிகள், வடக்கே கோண்டு முதலிய மொழிகள் வரை கொண்டுசென்று, ஒலி, வேர்ச்சொல், பெயர், எண், சுட்டும் வினாவும் உள்ளிட்ட இடப்பெயர், வினை என முறைப்படுத்தி ஆராய்ந்தவர் கால்டுவெல் ஐயர். 1854-இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்றபோது 1856-இல் அந்நூலை இலண்டனில் வெளியிட்டார். ஓய்வுக்கென்று சென்ற இரண்டாண்டில் இத்தகைய நூலை எழுதிவிட இயலுமோ? இயலாது. எழுதியது அங்கே, சேர்த்தது இங்கே. இடையன்குடியில் கழிந்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில், பள்ளிக்கும் கோயிலுக்கும் வழக்குத் தீர்ப்புக்கும் இடையே கிடைத்த துண்டுப் பொழுதுகளில் திரண்ட செய்திகளே அங்கு நூலாயின.

துண்டுப் பொழுதிற் சேர்த்தவை பயன்பட வேண்டுமாயின் அவற்றை இட்டுவைக்க இடம் வேண்டும். நம் இல்லத்து அடுக்களையில் உள்ள அஞ்சறைப்பெட்டியை நினைமின். கடுகு ஓர் அறை, சீரகம் ஓர் அறை, மிளகு ஓர் அறை. தாளிக்கும் அவசரத்திலே அன்னை பெட்டியை நோக்குவதுமில்லை. கை தானே செல்லும். ஐயருடைய நூலின் பகுப்பைக் காண்போர்க்கு அதுவே தோன்றும். கேட்ட ஒரு சொல்லுக்கு, அது வேற்றுமை உருபாயின் ஓர் அறை, எண்ணாயின் ஓர் அறை. அறை வகுத்துக்கொண்டவனுக்குக் கால்நாழிகையும் வீணாவதில்லை. அறை வகுக்காதவனுக்கு ஒருநாள் முழுதும் ஓய்வு கிடைப்பினும், முந்தைய குறிப்பைத் தேடுவதற்கே அது போய்விடும்.

முதற்பதிப்பு வந்த பின்னர் நூலை மூடிவைத்தாரல்லர். பத்தொன்பதாண்டு கழித்து, 1875-இல், மிகவும் விரிந்த இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இடைக்காலத்திலே பெட்டியின் அறைகள் நிரம்பிக்கொண்டே இருந்தன.

ஆயினும் குறையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஐயர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தம் வட்டாரத்திற் கண்ட சிலவற்றைக் கொண்டு ஒரு பெருங்குலத்தின் தோற்றத்தையும் குணத்தையும் பற்றித் துணிந்து முடிவு கூறினார். அவர்கள் இலங்கையினின்று வந்தேறியவர் என்றும் எழுதினார். நாடார் பெருமக்கள் அதனை இழிவுரையாகக் கொண்டு வெகுண்டனர். அக்கசப்பு அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. அவரை ஏற்று வாழவைத்த ஊரின் மக்களே அவர்கள் என்பதனை நினைக்குங்கால் வருத்தம் மிகுகின்றது. ஒப்பிலக்கணத்திற்கு அளித்த பொறுமையை அச்சிறுநூலுக்கு அளித்திலர் என்பதே எம் கருத்து. அறை நிரம்புமுன் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார்.

பொறுமைக்குச் சான்றாக நிற்பது இடையன்குடிக் கோயில். 1847-இல் அடிக்கல் இட்டார். பொருள் வந்தபோது சுவர் எழுந்தது, வாராதபோது நின்றது. கூரிய வளைவுகளையுடைய மேனாட்டுச் சிற்பமுறையை உள்ளூர்க் கொத்தர் கண்டதில்லை. படம் வரைந்து காட்டினும் அவர்க்கு அது விளங்கவில்லை. அப்பொழுதுதான் டப்ளினிற் கற்ற கலை கைகொடுத்தது. களிமண்ணைப் பிசைந்து, வளைவும் பூவேலையும் எங்ஙனம் அமையவேண்டுமோ அங்ஙனமே தம் கையால் மாதிரி செய்து கொத்தர்முன் வைத்தார். கண்ட கொத்தர் கல்லிலே அதனைச் செய்து முடித்தனர். நீண்ட விளக்கவுரை பல நாள் செய்திருக்கவேண்டிய வேலையை ஒரு பிடி களிமண் செய்தது. 1880-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் கோயில் திறக்கப்பெற்றது. முப்பத்து மூன்று ஆண்டு! ஒரு வேலை முடியாது கிடப்பதைக் கண்டு மனம் நைந்து மற்றவற்றையும் நிறுத்திவிடுவது நம் இயல்பு. அவரோ இக்கோயில் அரைச்சுவராய் நின்ற காலத்திலேயே ஒப்பிலக்கணத்தை இருமுறை வெளியிட்டார். 1871-இல் வெளிவந்த தமிழ் மறைநூல் திருத்தத்திற்காகப் பவர் ஐயர் முதலியோரோடு பல ஆண்டு சொல் சொல்லாக அமர்ந்து ஆராய்ந்தார். கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பழங்காலத்தைத் தேடினார். 1877-இல் அத்தியட்சரானார், அவ்வாண்டு நேர்ந்த கொடும் பஞ்சத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கும் வேலையே அவருடைய முதல் வேலையாயிற்று. திருநெல்வேலி நாட்டுச் சரித்திரம் 1881-இல் சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளிவந்தது.

இத்தனைக்கும் நடுவே, மலைக்குச் சென்று இளைப்பாறுவதைக் குற்றமாக அவர் எண்ணவில்லை. நலிந்த உடலை அடித்து ஓட்டினால் ஓராண்டு ஓடும், ஐம்பதாண்டு ஓடாது. வெப்பம் முற்றியபோது சமவெளியை விட்டு ஏறினார். தணிந்தபோது இறங்கி வேலையைத் தொட்டார். தேர்வுக்கு முன் நான்கு இரவு உறங்காது விழித்து, ஐந்தாம் நாள் தேர்வு மண்டபத்திலே தலைசாய்க்கும் நண்பர்களை எமக்குத் தெரியும். அவர்களுள் ஒருவனாய் யாமும் இருந்ததுண்டு.

1883-ஆம் ஆண்டளவில் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்கு இருக்கையை மாற்றினார். முதுமையும் நோயும் அங்கே பெருகின. 1891-இல் இறுதியாக மலையேறியவரின் உடலை, அவர் விரும்பி வாழ்ந்த தென்கோடிக்கே மீண்டும் கொண்டுசென்றனர். மலைப்பாதையில் இறக்கி, சமவெளியைக் கடந்து, திருநெல்வேலிச் சீமை வழியே சென்ற அந்நெடும் பயணத்தின் முடிவில், இடையன்குடிக் கோயிலின் பீடத்தின் அடியிலே அவரை அடக்கஞ் செய்தனர். களிமண் மாதிரி கண்டு கொத்தர் செதுக்கிய வளைவுகள் அவ்விடத்தின்மேல் நிற்கின்றன.

தம் வாழ்க்கை நினைவுகளையும் அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய மருகர் வையட் ஐயர் அக்குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் சென்னையில் அச்சிட்டார்.